தோளில் இரண்டு தட்டு

பிப்ரவரி 4

என் ஊசிக்கு,

அண்ணன் எழுதுவது. காதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வார்டில் நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை விட்டாயா? ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நர்ஸம்மாவுக்கு உபதேசம் செய்ய நான் ஒருவன்தான் மிச்சம்.

போனில் பேசச் சொல்லி எழுதியிருந்தாய். காலமெல்லாம் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டவனுக்குப் போன் எதற்கு? நீ கத்துவாய், நான் "என்னது, என்னது" என்பேன், பட்டறையில் நிற்கிறவனெல்லாம் சிரிப்பான். கடிதமே போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். நிலக்கரி இறக்க வரும் கம்பெனி நம் அலைச்சுவரை உடைக்கப் போகிறது. கடலுக்குள் வளைந்து நிற்கும் அந்தச் சுவர் போனால் ஒரு படகும் இங்கே தங்காது, அத்தனையும் விறகாகிவிடும். மீன் ஏலம் விட்டே தொண்டை இரும்பாகிப்போன நம் கடைக்குட்டி ரேடியோ, மரபுத் துறைக்கு மனு போட்டிருக்கிறான். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்லைக் கல் கவ்வி நிற்கிற சுவர் ஆயிற்றே. ஏப்ரலில் அந்தத் துறையிலிருந்து ஒரு அம்மா பார்க்க வருகிறாராம். அவர் வரும்போது சுவர் நின்றால் அது பாதுகாக்கப்பட்ட சின்னம், கம்பெனி கை வைக்க முடியாது. உடைந்து கிடந்தால் வெறும் கல்குவியல். அதற்குள் உடைத்துவிட அவர்கள் துடிக்கிறார்கள், நாங்கள் காவல் நிற்கிறோம்.

நேற்று வலை பின்னும் பெரியவரின் முட்டியில் இரும்புக் குழாயால் அடித்தார்கள். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கால் போகக் கூடாத பக்கம் மடிந்ததைப் பார்த்தேன். கம்பெனி கேட்டில் காவலாளியின் நீலச் சட்டை போட்டு நின்றவன் யார் தெரியுமா? நம் எதிர்வீட்டுக்காரன். நம்மோடு கேரம் ஆடி வளர்ந்தவன். "வயித்துப் பொழப்புடா, என்னை என்ன பண்ணச் சொல்றே?" என்கிறான். "உன் பொழப்புல மண்ணு விழ" என்று காறித் துப்பிவிட்டு வந்தேன்.

அப்பாவின் பெரிய ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இப்போதெல்லாம் நடக்கிறேன். ரேடியோ உன்னை விசாரித்தான். விசாரித்தான் என்றால் அரை மணி நேரம், நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊசி எழுதுவது. முதுகு வலிக்கிறது, இன்றைக்கும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன். காது கேட்காத நீ எழுதும் கடிதமே இவ்வளவு சத்தம் போடுகிறதே, உன் உடம்பில் ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கும்? போய்ப் பார்.

சண்டை என்றால் உனக்குச் சிரிப்பாக இருக்கிறது. இங்கே அவசரப் பிரிவில் அதன் மறுபக்கத்தைத்தான் நான் தினமும் தைக்கிறேன். கத்திக் குத்துக்கு வாய் சின்னது, ஆழம் பெரியது. கட்டையால் அடித்தால் தோல் நீளமாகப் பிளக்கும். எதால் அடித்தான், எந்தப் பக்கம் நின்று அடித்தான் என்று காயத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முந்தாநாள் ஒருத்தன் படியில் விழுந்தேன் என்று வந்தான். "படிக்கட்டு உன் கழுத்தை ரெண்டு கையால பிடிச்சுதா?" என்று கேட்டேன், அழுதுவிட்டான். அதனால் என்னிடம் கதை விடலாம் என்று நினைக்காதே. ஸ்பேனரை ஆணியில் மாட்டு. அது நட்டைத் திருப்பத்தான்.

ரேடியோ எழுதியிருந்தான். பின்னால் வந்து முதுகைத் தொட்டானாம், நீ திரும்பி ஓங்கிவிட்டாயாம். உனக்குக் காது போனபோது நான் போட்ட சட்டம் என்ன ஆயிற்று? இடது தோளில் இரண்டு தட்டு. தட்டினால் வீட்டு ஆள், தட்டாமல் தொட்டால் வெளியாள். "வாயால கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லைடா, முதல்ல தட்டு" என்று அவனுக்கும் எழுதிவிட்டேன். கோபத்தை அடக்கு. மாத்திரையை மறக்காதே.

ஊசி


மார்ச் 9

என் ஊசிக்கு,

நலம். புருவத்தில் ஒரு வெட்டு, ஆறிவிட்டது. படியில் விழவில்லை, கல்லடி. உண்மையைச் சொல்லிவிட்டேன், போதுமா?

போன வாரம் இரண்டு படகுகளுக்குத் தீ வைத்தார்கள். தார் பூசிய மரம், குப்பென்று பிடித்துக்கொண்டது. ஒரு படகின் எஞ்சினை நான் முந்தின நாள்தான் பூட்டியிருந்தேன். வெறி வந்துவிட்டது எனக்கு. கம்பெனி இன்ஜினீயரின் கார்க் கண்ணாடியை ஸ்பேனரால் நொறுக்கினேன். அவன் உள்ளே இருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது, முகமெல்லாம் கண்ணாடித் தூள். பெண்கள் கேட்டின் மேல் கல்லெறிந்தார்கள். எதிர்வீட்டுக்காரனுக்கு உதடு கிழிந்து பல் வெளியே தெரிந்தது. பாவம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில் உன் தம்பி செய்த கூத்தைக் கேள். சுவரின் மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்து அவர்கள் கொண்டுவந்த மண் தோண்டும் வண்டியை ஏலம் விட்டான். "வாங்க வாங்க, மஞ்சள் கலரு, செதில் இல்லை, முள் இல்லை, வயித்துல ஒரு டிரைவரும் உண்டு! ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அவன் வாய் போனதைப் பார்த்து நானே வயிறு வலிக்கச் சிரித்தேன். வண்டி டிரைவரும் சிரித்தான். மூன்றாம் தரம் சொல்வதற்குள் குழாய்களோடு வந்து அவனை இழுத்துக் கீழே போட்டார்கள். முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினான்.

அந்த அம்மா வரும் தேதி உறுதியாகிவிட்டது. சுவர் இதுவரை ஒரு கல் குறையாமல் நிற்கிறது. நீ கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

எனக்குக் காய்ச்சல், இப்போது தேவலை. உன் கடிதத்தை ராத்திரி டூட்டி முடித்து வந்து படித்தேன். இன்ஜினீயர் முகத்தில் கண்ணாடித் தூள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அப்படி ஒரு முகத்திலிருந்து நான் கண்ணாடியை எடுத்திருக்கிறேன், சாயங்காலம் வரை ஆனது.

சுவர் வேண்டும்தான், எனக்கும் வேண்டும். அதன் மேல் உட்கார்ந்துதான் நான் படித்தேன். ஆனால் உங்கள் இருவரையும் விட அது பெரியது என்று என்னால் சொல்ல முடியாது. ரேடியோவை ஒரு மாதம் இங்கே அனுப்பு. அனுப்பமாட்டாய் என்று தெரியும், கேட்டுவிட்டேன் என்றாவது இருக்கட்டும்.

ஊசி


ஏப்ரல் 12

ஊசி,

நலம் விசாரிக்க நேரமில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் கையில் இதைக் கொடுக்கிறேன். வண்டிக்குள் இருப்பது ரேடியோ. நாளை அந்த அம்மா வருகிறார் என்று விடிகிற நேரத்தில் மூடுபனிக்குள் வண்டியைக் கொண்டுவந்து சுவரின் வாலில் கைவைத்துவிட்டார்கள். அந்தக் கலவரத்தில் இவன் மண்டையில் அடிபட்டுவிட்டது. இங்கே டாக்டர் கையை விரித்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரனைப் போலீஸ் பிடித்துவிட்டது. அவன்தான் ரேடியோ பக்கத்தில் மண்டியிட்டிருந்தான், இரண்டு கையிலும் ரத்தம். கூட்டம் அவனை மிதித்த மிதியில் விலா எலும்பு போயிருக்கும்.

வால் மட்டும்தான் போயிற்று, மீதிச் சுவர் நிற்கிறது. அவனைக் காப்பாற்று ஊசி.

அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிர் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

மண்டை ஓட்டைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. அடி இடது நெற்றிப் பொட்டுக்கு மேலே. பேச்சு இருக்கிற இடம் அதுதான் அண்ணா. பிழைத்தாலும் பேசுவானா என்று டாக்டர் சொல்லவில்லை. நம் வீட்டில் வாய் என்று இருந்தது இவன் ஒருவனுக்குத்தான், அதையா உடைக்க வேண்டும்? கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து வேலையைப் பார்த்தேன்.

அவன் தலையைச் சுற்றி யாரோ ஒரு சட்டைக் கையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டு இல்லையென்றால் வழியிலேயே முடிந்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். கட்டியது யார்? நீயா? அந்தக் கையை நான் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. குழாயால் அடித்தால் காயம் நீளமாக இருக்கும். இவனுக்கு எலும்பில் பக்கம் பக்கமாக இரண்டு பள்ளம், நடுவில் கொஞ்சம் இடைவெளி. வாய் பிளந்த ஏதோ இரும்பு என்று டாக்டர் குறித்திருக்கிறார்.

அப்பாவின் ஸ்பேனர் எங்கே அண்ணா? பத்திரமாக இருக்கிறதா?

மாத்திரை போடுகிறாயா? தூங்குகிறாயா?

ஊசி


மே 10

என் ஊசிக்கு,

நான் நலம். நீ ரேடியோவைப் பார்த்துக்கொள்வது தெரிந்துதான் இங்கே நடமாடுகிறேன்.

நல்ல செய்தி. சுவர் பிழைத்துவிட்டது! மறுநாள் அந்த அம்மா வந்தபோது கல்லில் ரத்தக் கறை அப்படியே கிடந்தது. பத்திரிகைக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது, மேலிடத்தில் பயந்துபோய்ப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அவசர அவசரமாக அறிவித்துவிட்டார்கள். கம்பெனி வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போகிறது. ரேடியோவின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துச் சுவரடியில் வைத்திருக்கிறார்கள். அவன் ரத்தம்தான் சுவரைக் காப்பாற்றியது என்று மைக்கில் பேசுகிறார்களாம். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். காது கேட்காதவன் பேசினால் நன்றாக இருக்காது என்று வந்துவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரன் உள்ளேதான் இருக்கிறான். அவன் பெண்டாட்டி தினமும் பட்டறை வாசலில் வந்து நிற்கிறாள். அவள் வாய் அசைகிறது, நான் எஞ்சினைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன். நேற்று கூட்டம் அவள் வீட்டுக் கூரை ஓடுகளையெல்லாம் உடைத்துப் போட்டது. அவள் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். நான் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

புது எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது. பிஸ்டன் சரியில்லை. வெயில் அதிகம். நீ மோர் குடி.

அண்ணன்


மே 22

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

இரண்டு கேள்வி கேட்டேன். பிஸ்டன் சரியில்லை என்று பதில் எழுதியிருக்கிறாய்.

அந்தச் சட்டைக் கையை நான் தூக்கி எறியவில்லை. ரத்தம் போக இரண்டு முறை அலசினேன். நீல நிறம் வந்தது.

ரேடியோ கண் திறந்துவிட்டான். வலது கை அசையவில்லை, பேச்சு இல்லை. நான் சொல்வது புரிகிறது. வாய் திறக்கிறது, சத்தம் வராமல் அவனே திகைத்துப் போகிறான், பிறகு தலையணையைக் குத்துகிறான். நேற்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "உன்னை அடிச்சது யாருடா?"

இடது கையைத் தூக்கினான். தன் இடது தோளில் தானே இரண்டு தட்டு தட்டினான்.

நான் திரும்பக் கேட்டேன். திரும்பவும் தட்டினான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. உனக்கு இருக்கும்.

ஊசி


ஜூன் 18

அண்ணா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை.

நேற்று போலீஸ் வந்தது. எதிர்வீட்டுக்காரரின் போட்டோவை ரேடியோ முகத்துக்கு நேரே நீட்டினார்கள். "இவன்தானே? சும்மா தலையை ஆட்டு போதும்" என்றார் ஒருவர். ரேடியோ என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். மயக்கம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் மயங்கவில்லை. தலையை ஆட்டினால் அந்த மனுஷன் போய்விடுவார், ஆட்டாவிட்டால் நீ போய்விடுவாய் என்று அவனுக்குத் தெரிகிறது.

அடிபட்டவன் தலையில் இதையும் ஏற்றி வைத்திருக்கிறாயே, உனக்கு நெஞ்சு இருக்கிறதா?

ஊசி


ஜூலை 2

என் ஊசிக்கு,

நலமில்லை. நீயும் இருக்க மாட்டாய்.

அன்றைக்கு நான் வண்டியின் பின்பக்கம் குந்தி எண்ணெய்க் குழாயின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய் போனால் வண்டி கையைத் தூக்க முடியாது, சுவர் தப்பிக்கும். ஒரே பனி. யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். தோளில் தட்டு இல்லை. அதற்கு முந்தின நிமிஷம்தான் ஒருத்தன் என்னைக் குழாயால் அடித்துவிட்டு ஓடியிருந்தான். அவன்தான் திரும்ப வந்துவிட்டான் என்று திரும்பிய வேகத்தில் போட்டேன். பலம் கொண்ட மட்டும் போட்டேன் ஊசி. அடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அவன் வாய் "அண்ணே" என்று திறந்தபடியே இருந்தது.

பின்னோக்கி நகரும்போது அந்த வண்டி கூவுமாம். ஊருக்கே கேட்டதாம். நான் குந்தியிருந்த இடத்தில் என் டூல்ஸ் பெட்டி தகடாகக் கிடந்தது. இரண்டு தட்டு தட்டிவிட்டு இழுக்க அவனுக்கு எங்கே நேரம்?

எதிர்வீட்டுக்காரன் கேட்டிலிருந்து ஓடி வந்து சட்டைக் கையைக் கிழித்தான். "நான் கட்டுறேன், நீ போய் வண்டியை நிறுத்துடா" என்று கையைக் காட்டினான். நான் போய் நிறுத்திவிட்டு வருவதற்குள் கூட்டம் அவனைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தது. அவன் என்னைக் கைகாட்டிச் சொன்னான், இவன்தான் என்று. அதற்காக இன்னும் மிதித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அந்த அம்மா வருகிறார். நம் ஆளை நம் ஆளே அடித்தான் என்றால் கம்பெனி என்ன சொல்லும்? ஒரு நாள் பொறுப்போம் என்று நினைத்தேன். பிறகு படம் வைத்தார்கள், மைக் வைத்தார்கள், ஒவ்வொரு நாளும் வாய் இன்னும் இறுகிப்போனது. ஸ்பேனரைக் கடலில் எறிந்துவிட்டேன்.

நேற்று அவன் பெண்டாட்டி வந்தாள். வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்று தோளில் தட்டினாள். ஒரே ஒரு தட்டு. அவளுக்கு நம் வழக்கம் எங்கே தெரியும்? திரும்பினேன், கன்னத்தில் விட்டாள் பார், கடைவாய்ப்பல் ஆடுகிறது. அப்புறம் கீழே உட்கார்ந்து அழுதாள்.

காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். சுவர் போனாலும் போகட்டும். போகட்டும் என்று எழுதிவிட்டேனே தவிர வயிறு எரிகிறது. ரேடியோவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்லு. சாப்பிடு.

அண்ணன்


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

சிறை விலாசத்துக்கு எழுதும் முதல் கடிதம். பல் எப்படி இருக்கிறது? அங்கே பின்னால் வந்து தொடாதே என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறாயா? மாத்திரை கொடுக்கிறார்களா?

போன வாரம் ஊருக்குப் போய் வந்தேன். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். வந்த அன்றே இரும்புக் குழாயோடு உன் பட்டறைக்குள் புகுந்து கண்ணாடி, விளக்கு, புது எஞ்சின் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினாராம். ஊரே நின்று பார்த்தது, யாரும் தடுக்கவில்லை. அந்தச் சட்டைக் கையைத் துவைத்து மடித்து எடுத்துப் போயிருந்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அவன் பேசுறானா?" என்று மட்டும் கேட்டார்.

சுவர் விஷயம் நீ பயந்தபடிதான். கம்பெனி வக்கீல் கோர்ட்டுக்குப் போய் அறிவிப்பை நிறுத்தி வைத்துவிட்டார். வண்டிகள் மறுபடி கேட்டுக்கு வெளியே நிற்கின்றன. அந்த அம்மா இன்னொரு முறை வந்து அளந்து சொல்ல வேண்டுமாம். உன்னால்தான் என்று ரேடியோ படத்தையும் கிழித்துவிட்டார்கள். ஆனால் காவலுக்கு ஆட்கள் நிற்கிறார்கள். முட்டி உடைந்த பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அடித்ததற்கு உன்னை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அவரை மிதிக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றாயே, அதற்கு இன்னும் முடியவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை.

ரேடியோ நடக்கிறான். நேற்று வார்டில் சாப்பாட்டு வண்டி வந்தது. அதைப் பார்த்து, சுத்தமாக, கணீரென்று "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றான்! வார்டே கைதட்டியது. மூணு தரம் வரவில்லை. வேறு வார்த்தையும் வரவில்லை. பழகிப்போன பாட்டு மட்டும் சில சமயம் இப்படி வரும் என்கிறார் டாக்டர்.

உன் ஜூலைக் கடிதத்தை அவனுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போதுதான் பேனாவைப் பிடுங்கினான். அடிபட்ட பிறகு எழுத்து அவனுக்கு வருவதில்லை. காகிதத்தின் இடது ஓரத்தில், மேலே, ஓங்கி இரண்டு குத்து குத்தினான். இரண்டாவது குத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினான். அப்படியே அனுப்புகிறேன்.

ஊசி